ரிசீவர் வைத்த சத்தம்

தொலைபேசியில் பேசி முடித்த ஒருவர் ரிசீவரைத் திரும்ப வைக்கும்போது, மறுமுனையில் இன்னும் காதை எடுக்காமல் இருப்பவருக்கு ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கருவியின் தலையில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. ரிசீவரின் எடை அவற்றை அமுக்குகிறது. அமுங்கியதும், உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த வழி அறுந்துபோகிறது. அந்தக் கணத்தின் சத்தம்தான் அது. ரிசீவர் சரியாக உட்காராவிட்டால் சத்தம் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, அது வரும் இடத்தில், நின்று விளக்க எனக்கு மனம் இருக்காது.

எழுபத்தாறில் விழுப்புரத்திலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தேன். நகரத்தின் தெற்கே ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன் வேலை. பெயர் கலியன், அப்போது இருபத்தெட்டு வயது. அந்த எக்ஸ்சேஞ்சை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் ஒருவர் ஐந்து என்று டயல் செய்தால், இங்கே ஒரு சின்ன இரும்புக் கை ஐந்து படி மேலே ஏறும். அடுத்த எண்ணுக்கு இன்னொரு கை. கடைசிக் கை மேலே ஏறிப் பக்கவாட்டில் திரும்பி, பத்தாயிரம் எண்களுக்குள் ஒரே ஒரு எண்ணைத் தொட்டு நிற்கும். காலை பத்து மணிக்கு அந்த அறைக்குள் நின்றால் தகரக் கூரைமேல் மழை பெய்வதுபோல் இருக்கும்.

கீழ்த்தளத்தில் ஒரு நீண்ட இரும்புச் சட்டம் உண்டு. அதன் ஒரு பக்கம் தெருவிலிருந்து வரும் கம்பிகள், மறுபக்கம் எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகள். அவற்றுக்கு நடுவே விரல்நகம் அகலத்தில் ஒரு கட்டையைச் செருகினால் அந்த வீடு எக்ஸ்சேஞ்சிலிருந்து பிரிந்துவிடும். கட்டையை நாங்கள் ‘பெக்’ என்போம். அதற்கு நியாயமான வேலை இருக்கிறது. யாராவது ரிசீவரைச் சரியாக வைக்காமல் போய்விட்டால், இங்கே ஒரு இரும்புக் கை அவருக்காகவே மாட்டிக்கொண்டு நிற்கும், ஒரு விளக்கு அணையாமல் எரியும். அப்போது பெக்கைச் செருகி அந்தக் கையை விடுவிப்போம். அவர் ரிசீவரைச் சரியாக வைத்த பிறகு பெக்கை எடுத்துவிடுவோம்.

இன்னும் ஒன்று. பெக் செருகிய எண்ணை வெளியூரிலிருந்து ஒருவர் அழைத்தால் அவர் காதில் மணி அடிப்பதுபோலவே கேட்கும். வீட்டில் அடிக்காது. அழைப்பவர் கேட்கும் மணியோசையை அனுப்புவது வீட்டிலிருக்கும் கருவி அல்ல, எக்ஸ்சேஞ்ச்தான்.

தொலைபேசியில் பழுது என்றால் ஊரார் அழைக்க வேண்டிய புகார் எண் 198. அந்த மேசையில் என்னோடு உட்கார்ந்தவன் பட்டாபி. பூர்வீகம் கும்பகோணம், பிறந்து வளர்ந்தது லேக் மார்க்கெட் பக்கம். கோபம் வந்தால் வங்க மொழியில் திட்டுவான், சிரிப்பு வந்தால் தமிழுக்குத் திரும்புவான். நான் சேர்ந்த மூன்றாவது வாரம், அவன் காரணமில்லாமல் ஒரு எண்ணுக்குப் பெக் செருகுவதைப் பார்த்தேன். யாரோ ஒருவர் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதற்குத் தண்டனையாக அவர் போனுக்கு ஒரு நாள் ‘ரெஸ்ட்’. இது தப்பு என்று சொன்னேன்.

“டேய், ஹெட்மாஸ்டர் வந்துட்டார். எல்லாரும் ஸ்லேட்டை எடுத்து வெச்சுக்கோங்கோ” என்றான். மேசையே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் ஹெட்மாஸ்டர்.

அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊர் முழுவதும் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் கேபிளுக்குள் இறங்கும். ஈரமான கம்பியில் கரகரப்பு வரும், ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழும். மேசையில் உட்கார்ந்துகொண்டு எங்களால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒரு நாளைக்கு இருநூறு பேர் மூன்று மொழிகளில் எங்களைத்தான் திட்டினார்கள். இருநூறு பேரிடம் திட்டு வாங்கியவனுக்கு இருநூற்று ஓராவது ஆள் மனிதனாகத் தெரிவதில்லை, எண்ணாகத்தான் தெரிகிறார்.

முதல் இரண்டு மாதம் தனியாகச் சாப்பிட்டேன். வங்க மொழி தெரியாது. வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. என்னைத் தேடி வந்து, டிபன் டப்பாவைப் பிடுங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டவன் பட்டாபிதான். வீடு பார்த்துக் கொடுத்தான். மீன்காரரிடம் பேரம் பேசச் சொல்லிக் கொடுத்தான், தான் மீன் சாப்பிடாதவன் என்றாலும். எழுபத்தெட்டில் என் மனைவி பூங்கோதைக்குப் பிரசவம் சிக்கலானபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. பட்டாபி ரத்தம் கொடுத்தான். அவன் மனைவி ஷியாமளா பன்னிரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே தங்கி, குழந்தையைக் குளிப்பாட்டினாள். இப்படிப்பட்டவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். அது சரியான முடிவு. அதற்கு அடுத்து, அவன் செய்வது தப்பாக இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். அங்கேதான் வழுக்கினேன்.

அதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் அவன் கீழ்த்தளத்துக்குப் போகும்போது வேறு பக்கம் பார்த்தேன். பிறகு அவன் திரும்பி வந்து, திட்டியவரைப்போல நடித்துக் காட்டியபோது சிரித்தேன். ஒரு நாள் ஒருவர் என் ஊரையும் நிறத்தையும் சேர்த்துத் திட்டினார். அவர் எண்ணை நானே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பட்டாபியிடம் தள்ளினேன். அவன் என் தோளில் தட்டினான். அந்தத் தட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை.

எழுபத்தொன்பது பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு அழைப்பை எடுத்தேன். பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து மஹாதேவன் என்பவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தால் பட்டாபிக்கு மெமோ வந்திருந்தது, அதனால் அவர் எண் எங்களுக்கு மனப்பாடம். இரண்டு தமிழர்களும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். கரகரப்பு அதிகமாக இருக்கிறது என்றார். அவசரம் ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை துர்காபூரிலிருந்து பெண் பேசுவாள், அதற்குள் சரியானால் போதும் என்றார். நன்றி சொன்னார். ரிசீவரை வைத்தார். ‘டக்’ என்று கேட்டது.

எதிரே பட்டாபி புருவத்தை உயர்த்தி, வாயைக் குவித்து, அந்த ஆங்கிலத்தை அப்படியே பேசிக் காட்டினான். எல்லோரும் சிரித்தோம்.

“இவருக்கு ஒரு நாள் ரெஸ்ட் பாக்கி இருக்கு. ஹெட்மாஸ்டர், இந்தத் தடவை நீங்களே போய்ட்டு வாங்கோ. எத்தனை நாளைக்கு நானே படி எறங்கறது?”

போனேன். பெக்கைச் செருகினேன். படியேறி வரும்போது ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. மாலையில் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று பட்டாபியின் பெண்ணுக்குப் பிறந்தநாள். நாலரைக்கே எல்லோரும் அவன் வீட்டுக்குப் பாயசம் சாப்பிடக் கிளம்பினோம். பெக்கை மறந்துவிட்டேன். மறுநாள் காலை பத்தரைக்குத்தான் எடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. மஹாதேவனின் மருமகன் ரங்கராஜன் துர்காபூரிலிருந்து எழுதியிருந்தார். அவர் மனைவி அலமுவுக்கு ஏழாவது மாதம். செவ்வாய் மதியம் திடீரென்று ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து பன்னிரண்டே காலுக்கு மாமனார் வீட்டுக்கு அவசர டிரங்க் கால் போட்டிருக்கிறார். ஆபரேட்டர் மூன்று முறை முயன்றார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. தந்தி கொடுத்தார், அது மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அலமு புதன் விடியற்காலை ஐந்தரைக்கு இறந்துபோனாள். செவ்வாய் மதியம் ஹவுராவில் ரயில் ஏறியிருந்தால் அவள் பெற்றோர் அன்று மாலையே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அம்மா ரயில் ஏறியாயிற்றா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். கடிதத்தில் கோபம் இல்லை. ‘மணி அடித்ததை நானே கேட்டேன். ஏன் எடுக்கவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்’ என்று முடித்திருந்தார்.

பட்டாபி அதை இரண்டு முறை படித்தான். பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளினான்.

“எழுது கலியா. ரிசீவர் கீழ கெடந்தது, வெளக்கு எரிஞ்சுது, பெக் போட்டோம். ரூல் அதானே.”

“அது பொய்.”

“நெஜத்தை எழுதினா அந்தப் பொண்ணு எழுந்து வந்துடுமா? உனக்குக் கைக்குழந்தை இருக்குடா.”

பதிவேட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே எழுதினேன்: சந்தாதாரர் ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை, இணைப்பு பிரிக்கப்பட்டது. அந்த ஒரு வரியால் இனி யாருக்கும் புதிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று நினைத்தேன். அதை ஆதாரமாகக் காட்டி அதிகாரி பதில் அனுப்பினார். அதன் நகல் பாலிகஞ்ச் வீட்டுக்கும் போயிற்று.

ஏப்ரலில் ஒரு நாள், சரியாகப் பத்து மணிக்கு, மஹாதேவன் 198-ஐ அழைத்தார். என் ரிசீவர் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். மறுநாளும் பத்து மணிக்குக் கேட்டார். அதற்கு அடுத்த நாளும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ரிசீவர் அவர் கையில் இருக்கிறது, அப்போது சோதிக்க முடியாது. அவர் வைக்க வேண்டும். பிறகு நான் சோதித்து, அவரைத் திரும்ப அழைத்து, சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆனால் அதைக் கேட்க அவர் ரிசீவரை மறுபடி எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டதால், மறுபடி சரியாக வைப்போமா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிடும். சில நாட்கள் நான்கு முறை, ஐந்து முறை இப்படி நடந்தது. மேசையில் அவருக்கு ‘ரிசீவர் தாத்தா’ என்று பெயர் வைத்தார்கள். பட்டாபி அந்தப் பெயரைச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னபோது எழுந்து வெளியே போனான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிறேன், கருவியைப் பார்க்க வந்தேன் என்றேன். இரண்டு அறை வீடு. முக்காலிமேல் தொலைபேசி. ரிசீவரிலிருந்து கருவிவரை நேர்க்கோட்டில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டிருந்தார். இரண்டு கோடும் ஒன்றுசேர்ந்தால் சரியாக வைத்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல யோசனை. அந்த வீட்டில் நகப்பூச்சு யாருடையது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சுவரில் அவள் படம் இருந்தது.

அவர் என்னைத் தமிழன் என்று கண்டுபிடித்ததும் உட்காரச் சொன்னார். துறைமுகத்தில் அவர் வேலை, ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதுவது. அந்தக் கணக்கை நம்பித்தான் கப்பலை உள்ளே விடுவார்கள். ஆற்றுமட்டமும் கப்பல் நிற்கும் டாக்கின் மட்டமும் சமமாகும்வரை கதவுகளுக்கு நடுவில் கப்பலை எப்படிக் காக்க வைப்பார்கள் என்பதை, இரண்டு டம்ளரையும் ஒரு அட்டையையும் வைத்து விளக்கினார். நான் படி ஏறும் அந்த இரும்புக் கையை, செலக்டரை, விளக்கினேன். நேரம் போனது தெரியவில்லை. எனக்கு உள்ள அதே பைத்தியம் அவருக்கும் இருந்தது. அடுத்த ஞாயிறும் போனேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும்.

அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை என்பது இரண்டாவது வாரமே புரிந்தது. அவர் மனைவி ராஜம் சமையலறை வாசலில் நின்று என்னிடம்தான் சொல்வார்: “சார்ட்ட சொல்லுங்கோ, காபி ஆறிண்டிருக்கு.” அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். எக்ஸ்சேஞ்சிலிருந்து பதில் வந்த நாளிலிருந்து இப்படி என்று ஒரு நாள் அவரே சொன்னார். குறை சொல்லவில்லை. “அவ பேசாம இருக்கறது நியாயம்தான். நான்தானே கடைசியா போனைத் தொட்டேன்” என்றார்.

கரகரப்புக்காக மேலதிகாரிக்கே கடிதம் எழுதியவர், இந்த ஒரு விஷயத்தில் ஏன் எக்ஸ்சேஞ்சைச் சந்தேகப்படவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னார்: “முப்பத்திரண்டு வருஷம் ரிஜிஸ்டர் எழுதினவன் நான். பாக்காத ஒண்ணை ஒருத்தன் ரிஜிஸ்டர்ல எழுதுவானா?”

பட்டாபியோடு இருந்த மூன்று வருஷத்தில், செய்ததற்கெல்லாம் ஒரு காரணம் கண்டுபிடிக்கப் பழகியிருந்தேன். இங்கே ஒரு மனிதர், செய்யாத ஒன்றுக்குக்கூட ஒரு சாக்கும் தேடாமல் உட்கார்ந்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் அந்த மேசை, ஒரு நாள் இந்த முக்காலிக்கு எதிரே. சொன்னால் வேலை போகலாம். பட்டாபி மாட்டலாம். என் மனைவிக்கு ரத்தம் கொடுத்தவன். சொல்லாவிட்டால் இந்த மனிதர் தன் பெண்ணைத் தானே ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டே சாவார். பூங்கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கடைசியில், “அந்த அம்மா இன்னும் அவருகிட்ட பேசலியா?” என்று மட்டும் கேட்டாள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம் சொல்லிவிட்டேன். மஹாதேவன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். எல்லாவற்றையும் கேட்ட பிறகு சிரித்தார், என் கையைத் தட்டினார்.

“உங்களுக்கு எளகின மனசு, கலியன். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.”

“பொய் இல்ல சார். நீங்க வெச்ச சத்தத்தை என் காதால கேட்டேன். அதுக்கப்புறம்தான் கீழ போய்ச் செருகினேன்.”

அவர் எழுந்துபோய் அதிகாரியின் கடிதத்தை எடுத்து வந்தார். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. ‘பதிவேட்டின்படி’ என்ற சொல்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

“அந்தப் பதிவேட்டை எழுதினதே நான்தான் சார்.”

“அப்ப பாத்துத்தானே எழுதியிருப்பேள்.”

சமையலறை வாசலில் ராஜம் மாமி நின்றிருந்தார்.

“அன்னிக்கு இவர் போன்ல என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

“அவசரம் ஒண்ணும் இல்ல, ஞாயித்துக்கிழமை பொண்ணு பேசறதுக்குள்ள சரியானா போதும்னு சொன்னார் மாமி.”

அந்தச் செவ்வாய்க்கிழமை கணவர் போனில் சொன்ன அந்த வார்த்தையை மாமி உள்ளேயிருந்து கேட்டிருக்க வேண்டும். வாசலைத் தாண்டி வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அழவில்லை.

“அந்தக் கட்டையை எப்போ எடுத்தேள்?”

“புதன்கிழமை காலைல பத்தரைக்கு.”

“அவ போயி அஞ்சு மணி நேரம்” என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “ஏன்னா.”

மஹாதேவன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எட்டு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது, அந்தக் குரல் அவரைக் கூப்பிட்டு.

“நீங்க சரியாத்தான் வெச்சேள்.”

அவர் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது அவருக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி பேசுகிறாள் என்பதைத் தாண்டி அவர் மனம் போகவில்லை என்று தோன்றியது. மாமி என்னைப் பார்க்காமலே சொன்னார். “உங்காத்துல கொழந்தை இருக்கில்லையா. போங்கோ. இனிமே இங்க வர வேண்டாம்.”

திங்கட்கிழமை காலை அலுவலகம் போனதும் பதிவேட்டை எடுத்து, என் வரியைக் கோடிட்டு அடித்தேன். பக்கத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பட்டாபி வந்து படித்தான்.

“என் பேர் இல்லையே.”

“செருகினது நான்தானே.”

“என்னை நல்லவனாக்கிட்டுப் போறியா?” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. தன் நாற்காலியை மேசையின் மறுகோடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. மார்ச்சில் தண்டனையாக எனக்கு ஆசன்சோலுக்கு மாற்றல் வந்தபோது, ஷியாமளா மட்டும் ஸ்டேஷனுக்கு வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பட்டாபியை வெறுக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்கு 198 அடித்தது. மஹாதேவன்தான். வழக்கமான கேள்வியை ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால், சற்று தூரத்தில், மாமியின் குரல் கேட்டது. “சரியாத்தான் வைப்பேள். வெச்சுட்டு வாங்கோ.” அவர் பேச்சை நிறுத்தினார்.

“கலியன்” என்றார், முதல் முறையாக அந்த எண்ணில் தமிழில். “பாத்துத்தானே எழுதினேள்?”

“இல்ல சார். பாக்காம எழுதினேன்.”

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

சோதித்தேன். ரிசீவர் சரியாக உட்கார்ந்திருந்தது. திரும்ப அழைத்துச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவர் அழைக்கவில்லை, புதன்கிழமையும் இல்லை. பத்தரைக்குக் கீழ்த்தளத்துக்குப் போய் அந்த நீண்ட சட்டத்தில் அவருடைய எண்ணைத் தேடினேன். பெக் எதுவும் இல்லை, பித்தளைத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.